செம்மண் காட்டில் மெட்டல் டிடெக்டர்: சென்சிட்டிவிட்டியை எங்கே நிறுத்துவது

காங்கயம், சென்னிமலை, பெருந்துறைப் பக்கம் மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறார்கள். பெட்டியைப் பிரித்ததும் திண்ணையில் ஒரு மோதிரத்தை வைத்து மேலே காயிலை (தண்டின் நுனியில் இருக்கிற தட்டையான தலை) ஆட்டிப் பார்ப்பது, 'கீ' என்று சத்தம் வந்ததும் சந்தோஷத்தில் சென்சிட்டிவிட்டியைக் கடைசிப் புள்ளி வரைக்கும் ஏற்றிவிடுவது, அப்படியே கொண்டுபோய்க் காட்டில் இறங்குவது. இறங்கின உடனே மெஷின் கத்த ஆரம்பிக்கும். காயிலை எந்தப் பக்கம் நகர்த்தினாலும் சத்தம், திரையில் உலோக வகையைச் சொல்கிற எண் ஒரு நொடி 12 வரும், அடுத்த நொடி 70 வரும், தோண்டிப் பார்த்தால் வெறும் மண். மதியம் வரைக்கும் இப்படியே போனால் மெஷின் டூப்ளிகேட் என்று முடிவு கட்டிப் பரண் மேல் போட்டுவிடுவார்கள். மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அது கேட்டுக்கொண்டிருந்தது மண்ணை.

தொலைந்த நகையைத் தேடுகிறவர்கள், மண்ணுக்குள் போன மோட்டார் ஒயரும் ஜிஐ பைப்பும் எங்கே ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள், ரொட்டவேட்டர் ஓட்டும் முன் காட்டில் கிடக்கிற லாடம், போல்ட், கம்பித் துண்டைப் பொறுக்குகிறவர்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (பிவிசி பைப்பை எந்த டிடெக்டரும் காட்டாது, அதைக் கேட்டுத்தான் நிறையப் பேர் வருகிறார்கள். பைப்போடு சேர்ந்து ஒயர் போயிருந்தால் ஒயர் கேட்கும், அதை வைத்துத் தடம் பிடிக்கலாம்.) சொல்ல வருவது ஒன்றுதான்: நம்ம மண்ணில் சென்சிட்டிவிட்டியை ஏற்றினால் ஆழம் கூடாது. மெஷின் அமைதியாகிற இடம் வரைக்கும் இறக்கினால்தான் ஆழத்தில் கிடப்பது காதில் விழும்.

ஏன் என்று முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். காயில் ஒரு காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உள்ளே உலோகம் இருந்தால் அதில் சின்னதாக ஒரு மின்னோட்டம் கிளம்பி, அது திருப்பி அனுப்புகிற புலத்தைக் காயில் வாங்கிக்கொள்கிறது. ஆனால் மண்ணில் இருக்கிற இரும்புத் தாதுப் பொடியும் அந்தப் புலத்துக்குப் பதில் சொல்லும். மோதிரம் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும், மண்ணோ காயிலுக்குக் கீழே முழுக்க, அதுவும் ஒட்டினாற்போல் இருக்கும். அதனால் மண்ணின் பதில்தான் எப்போதும் பெரிது. சென்சிட்டிவிட்டி என்பது பெரும்பாலான மெஷின்களில் வருகிற சிக்னலைப் பெருக்குகிற அளவு, அது மோதிரத்தையும் பெருக்கும், மண்ணையும் பெருக்கும். தறி ஓடுகிற கொட்டகைக்குள் ஒருவர் மெதுவாகப் பேசுவதை மைக் வைத்துப் பெரிதாக்கினால் தறிச் சத்தமும் சேர்ந்துதானே பெரிதாகும், அந்தக் கதைதான்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ள வேண்டும். சின்னப் பொருளிலிருந்து திரும்பி வருகிற சிக்னல், காயிலின் அளவைத் தாண்டி ஆழம் போகப்போக, ஏறக்குறையத் தூரத்தின் ஆறாம் அடுக்கில் தேயும். ஆழம் இரண்டு மடங்கானால் சிக்னல் 64-ல் ஒரு பங்குதான் வரும். அப்படி இருக்கும்போது சென்சிட்டிவிட்டியை ஒரு படி, ரெண்டு படி ஏற்றி என்ன ஆழம் கிடைத்துவிடும்? நல்ல மண்ணிலேயே விரல் அளவுக்குத்தான் கூடும். கெட்ட மண்ணில் அந்த ஒரு படி ஏற்றினதுக்கு விலை, முழுக் காடும் கத்துவது. பத்தடி ஆழத்துத் தங்கத்தை ஐம்பதடி தள்ளி நின்றே காட்டும் என்று ஆன்டெனா வைத்த மெஷின் விற்கிறார்களே, அதன் பக்கமே போகாதீர்கள், அது ஏமாற்று வேலை. கையில் பிடிக்கிற காயிலில் மோதிரம் அளவுப் பொருள் ஒரு சாண் ஆழத்தில் கேட்டாலே பெரிய விஷயம்.

சரி, மண் எவ்வளவு மோசம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய ஸ்பீக்கரில் இருக்கிற வட்டக் காந்தம் ஒன்று போதும். அதை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் கவரில் போட்டு, காய்ந்த மேல்மண்ணில் நாலடி இழுத்துவிட்டுத் தூக்கிப் பாருங்கள். கவரின் அடியில் கறுப்பாக, மீசை முளைத்த மாதிரி பொடி நிமிர்ந்து நின்றால் அது மேக்னடைட், காந்தக் கல்லின் தூள். கவரைத் திருப்பிக் காந்தத்தை வெளியே எடுத்தால் பொடி தானாக உதிரும், அதை வெள்ளைக் காகிதத்தில் கொட்டிப் பார்த்தால் அளவு தெரிந்துவிடும். சிட்டிகை அளவு இருந்தால் சாதாரண மண். கவரின் அடி முழுக்க மூடிக்கொண்டால், டிடெக்டரை ஆன் பண்ணும் முன்னமே சென்சிட்டிவிட்டியைப் பாதிக்கு இறக்கி வைத்துவிடுங்கள்.

நம்ம சீமையில் மண் ஊருக்கு ஊர் மாறுவது எல்லாருக்கும் தெரிந்ததுதான். காங்கயம், தாராபுரம் பக்கக் கொறங்காடும் மேட்டாங்காடும் செம்மண், அந்தச் சிவப்பே இரும்புதான். சேலத்துக்குப் பக்கத்தில் கஞ்சமலை முழுக்க இரும்புத் தாது, மலையடிவாரக் காடுகளில் உருண்டு கிடக்கிற கறுப்புக் கல் ஒவ்வொன்றும் மெஷினைக் குழப்பும். காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆற்று மணலில் வரி வரியாகக் கறுப்பு மணல் படிந்திருக்கும், அதுவும் அதே வகை. மதுக்கரை, சங்ககிரி மாதிரி சுண்ணாம்புக்கல் பூமி இதற்கு நேர்மாறு, சுண்ணாம்பு டிடெக்டருக்குத் தொல்லையே கொடுக்காது, அங்கே தாராளமாக ஏற்றி ஓட்டலாம். கோயமுத்தூர், பல்லடம் பக்கக் கரிசல் மண்ணின் பிரச்சினை வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மெஷினைத் திருகும் முன் ஒரு சோதனை, இதை மட்டும் யாரும் தாண்டிப் போகாதீர்கள். காயிலைத் தரையிலிருந்து இடுப்பு உயரத்துக்குத் தூக்கி, அசைக்காமல் அப்படியே பிடியுங்கள். அசையாமல் இருக்கும்போதே கத்தினால் அது மண்ணின் வேலை இல்லை, கரண்ட்டின் வேலை. மேலே ஈபி லைன் போகலாம், கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி பக்கத்தில் இருக்கலாம், உடுமலை, பல்லடம் பக்கம் என்றால் காற்றாலை இருக்கலாம். 'டக்… டக்…' என்று நொடிக்கு ஒரு தடவை சீராக வந்தால் அது பன்றிக்காகப் போட்ட சோலார் வேலி, வேறு எதுவும் இவ்வளவு ஒழுங்காக அடிக்காது. தோட்டக்காரரிடம் சொல்லி வேலியை அணைக்கச் சொல்லுங்கள், மோட்டாரையும் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். சட்டைப் பையில் இருக்கிற செல்போனை ஃபிளைட் மோடில் போடுங்கள், இல்லாவிட்டால் வரப்பில் வைத்துவிட்டு வாருங்கள். நாய்ஸ் கேன்சல் அல்லது ஃப்ரீக்வென்சி ஷிஃப்ட் என்று மெஷினில் ஒரு வசதி இருந்தால், காயிலை அசைக்காமல் வைத்து அதை ஓடவிடுங்கள். இதெல்லாம் செய்தும் அடங்காவிட்டால் மட்டும் சென்சிட்டிவிட்டியை இறக்குங்கள். காயில் ஒயர் தண்டில் தளர்வாக ஆடினாலும் இதே மாதிரி பொய்ச் சத்தம் வரும், அதையும் இறுக்கிச் சுற்றிவிடுங்கள்.

அசையாமல் பிடித்தால் அமைதி, தரையில் ஓட்டினால் மட்டும் கத்தல் என்றால் அப்போது குற்றவாளி மண். அதற்கு முதல் மருந்து சென்சிட்டிவிட்டி இல்லை, கிரவுண்ட் பேலன்ஸ். இந்த வரிசையை மாற்றினால் எதுவும் சரியாக வராது.

கிரவுண்ட் பேலன்ஸ் என்றால், 'இந்த மண்ணின் பதில் இப்படி இருக்கும், இதைக் கணக்கில் எடுக்காதே' என்று மெஷினுக்குச் சொல்லிவைப்பது. சென்சிட்டிவிட்டியை நடுவில் வைத்து, டிஸ்கிரிமினேஷனை (இரும்பு மாதிரி வேண்டாத உலோகத்தை ஒதுக்குகிற வசதி) எடுத்துவிட்டு, எல்லா உலோகத்துக்கும் சத்தம் தருகிற ஆல் மெட்டல் மோடுக்குப் போங்கள். அடியில் உலோகம் எதுவும் இல்லாத ஒரு முழ இடம் வேண்டும், அங்கங்கே ஓட்டிப் பார்த்துச் சத்தம் வராத இடமாகப் பிடியுங்கள். இது முக்கியம், அடியில் ஒரு ஆணி கிடந்தாலும் மெஷின் அந்த ஆணியையும் மண் என்று நினைத்துக்கொள்ளும். காயிலைத் தரைக்கு மட்டமாகப் பிடித்து, தரைக்கு ரெண்டு மூன்று செ.மீ. வரைக்கும் இறக்கி, முழங்கால் உயரத்துக்குக் கொஞ்சம் கீழே வரைக்கும் ஏற்றி, மறுபடி இறக்கி, நிதானமாகச் செய்யுங்கள். தானாகப் பிடிக்கிற மெஷின் என்றால் பட்டனை அழுத்திக்கொண்டு இதைச் செய்தால் நாலைந்து ஏற்ற இறக்கத்தில் எண் ஒரு இடத்தில் நின்றுவிடும். கையால் திருகுகிற மெஷின் என்றால், இறக்கும்போதும் ஏற்றும்போதும் சத்தம் ஒரே மாதிரி இருக்கிற வரைக்கும் திருக வேண்டும். எந்தப் பக்கம் திருக வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், அதனால் ஒரு பக்கம் நாலு புள்ளி போய்ப் பாருங்கள், வித்தியாசம் கூடினால் எதிர்ப்பக்கம் வாருங்கள். பழகினவர்கள் இறக்கும்போது கொஞ்சமே கொஞ்சம் சத்தம் கேட்கிற மாதிரி விட்டுவைப்பார்கள், சின்னத் தங்கத்துக்கு அது நல்லது. ஆனால் கல்லும் கறுப்பு மண்ணும் அதிகமான இடத்தில் அந்தச் சலுகை வேண்டாம், நேராகவே வையுங்கள்.

பேலன்ஸில் வந்து நிற்கிற எண் என்ன சொல்கிறது என்பதையும் கவனியுங்கள். ஃபிஷர் எஃப்75, டெக்னெடிக்ஸ் டி2 மாதிரி 0 முதல் 99 வரைக்கும் காட்டுகிற மெஷின்களில் 75-க்கு மேல் போய் நின்றால் மேக்னடைட் நிறைந்த மண், 40-இலிருந்து 75-க்குள் என்றால் சிவப்பு, பழுப்புக் களிமண் வகை, 10-க்குக் கீழே இறங்கினால் உப்பு ஏறின ஈர மண். எஃப்75-இல் மண்ணின் மேக்னடைட் அளவைத் தனியாகவே ஒரு பட்டையில் காட்டும். எண் வேறு, அளவு வேறு. எண் மண்ணின் வகையைச் சொல்கிறது, பட்டை அதன் உறைப்பைச் சொல்கிறது. 85 காட்டினாலும் பட்டை காலியாக இருந்தால் கவலையில்லாமல் ஏற்றலாம்.

பேலன்ஸ் ஆன பிறகு சென்சிட்டிவிட்டிக்கு வாருங்கள். மாமூலாக நடக்கிற வேகத்தில், தேடப்போகிற அதே மண்ணில், காயிலை ஓட்டிக்கொண்டே ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். ஒரு இடத்தில் காரணமில்லாமல் 'டிக் டிக்' என்று உதிர ஆரம்பிக்கும். அங்கிருந்து ஒரு படி இறக்கி, ஓட்டிப் பார்த்து, இன்னும் உதிர்ந்தால் அடுத்த படி இறக்குங்கள். பத்தடி நடந்தால் ஒன்று, ரெண்டு பொய்ச் சத்தம் வரலாம், அதற்கு மேல் வந்தால் கூடாது. மைன்லேப் ஈக்வினாக்ஸ் 600, 800 மெஷின்களில் 1 முதல் 25 வரை இருக்கும், கம்பெனியிலிருந்து 20-இல் வரும். செம்மண்ணில் அது 15, 16-க்கு இறங்கினாலும் பயப்பட வேண்டாம். எண்ணைப் பார்த்து யாரும் நகையைக் கண்டுபிடித்ததில்லை, அமைதியாக ஓடுகிற மெஷினில் மெலிதாக வருகிற ஒரு சத்தத்தைக் காது பிடித்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அதனால்தான் ஹெட்ஃபோன் போடச் சொல்கிறேன், வெளி ஸ்பீக்கரில் அந்த மெல்லிய சத்தம் காற்றிலேயே போய்விடும்.

அப்புறம் அதை உறுதி செய்துகொள்ள வேண்டும். தொலைந்தது எந்த மாதிரிப் பொருளோ அதே மாதிரி ஒன்றை வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கி, கலர் நூலில் கட்டி, விரலளவு ஆழத்தில் அதே காட்டில் புதைத்து மிதித்துவிட்டு மேலே ஓட்டிப் பாருங்கள். நூல் நுனி வெளியே தெரியட்டும், தேட வந்த இடத்தில் இன்னொரு மோதிரத்தைத் தொலைக்கக் கூடாது. கேட்டால் இன்னும் ஆழமாக வைத்துப் பாருங்கள். எந்த ஆழத்தில் சத்தம் உடைகிறதோ, அங்கே வைத்துவிட்டு சென்சிட்டிவிட்டியை ரெண்டு படி ஏற்றியும் இறக்கியும் ஒப்பிடுங்கள். செம்மண்ணில் இறக்கும்போது சத்தம் தெளிவாவதை உங்கள் காதாலேயே கேட்பீர்கள், நான் சொல்வதை நம்பத் தேவையில்லை.

இனி நம்ம காடுகளுக்கே உரிய சில தொல்லைகள்.

பாரும் சாலுமாக இருக்கிற மஞ்சள் காடு, மரவள்ளிக் காட்டில் காயிலைக் குறுக்கே வீசினால், மேட்டுக்கு மேல் போகும்போது மண் காயிலை ஒட்டி வரும், சாலுக்கு மேல் போகும்போது விலகும், ஒவ்வொரு பாருக்கும் ஒரு பொய்ச் சத்தம். எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் இது போகாது. பாரின் நீளவாக்கில் நடந்து, காயிலைச் சின்ன வீச்சாக, முதலில் பார் மேல் ஒரு தடவை, அப்புறம் சாலுக்குள் ஒரு தடவை என்று தனித்தனியாக ஓட்ட வேண்டும். பெருந்துறைப் பக்கம் ஒரு மஞ்சள் காட்டில் வேலைக்கு வந்த அக்கா ஒருவர் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு, "இந்தப் பாருலதானுங்க தம்பி விழுந்திருக்கோணும், பறிச்சுப் போட்ட மஞ்சளுக்கு மண்ணத் தட்டுனப்பத்தான் விரலு வெறும் விரலாத் தெரிஞ்சுது" என்று கையை நீட்டிக் காட்டினார். ஆல் மெட்டலில், சென்சிட்டிவிட்டி பாதிக்கும் கீழே, பாரின் நீளத்துக்கு ஓட்டினபோது எல்லாம் அமைதி. சாலுக்குள் இறங்கின பிறகுதான் ஒரு சின்ன 'ம்ம்' கேட்டது, சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. கைக்கொத்தால் மண்ணை ஒதுக்கினால் மஞ்சள் கொமட்டைக்குக் கீழே, செம்மண் அப்பிக்கொண்டு, மண்ணும் மோதிரமும் ஒரே நிறத்தில் இருந்தது. கண்ணால் தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது.

கரிசலில் வேறு கதை. காய்ந்த கரிசலில் வெடிப்பு விடும், காயில் வெடிப்பைத் தாண்டும்போதெல்லாம் மண் திடீரென்று இல்லாமல் போகிறது, மெஷினுக்கு அது ஒரு சிக்னல். காயிலை நாலைந்து செ.மீ. தூக்கி ஓட்டினால் இது பெரும்பாலும் அடங்கும், ஏனென்றால் மண்ணின் பதில் காயிலுக்கு ஒட்டின மேல்மண்ணிலிருந்துதான் அதிகம் வருகிறது. செம்மண்ணிலும் இதே வித்தை வேலை செய்யும். ஆழம் போய்விடுமே என்று யோசிக்காதீர்கள், மண்ணோடு உரசி ஓட்டிக் கத்தவிடுவதைவிடத் தூக்கி ஓட்டினால் அதிகம் கேட்கும். ஒரே உயரம் முக்கியம், வீச்சின் ரெண்டு முனையிலும் கை தன்னால் மேலே போகும், அதைப் பழக்கத்தில் மாற்றிக்கொள்ளுங்கள்.

உப்பு. போர்த் தண்ணீர் உப்பாக இருக்கிற தோட்டம், பொட்டாஷும் யூரியாவும் போட்டுத் தண்ணீர் கட்டின வயல், நொய்யலில் ஒரத்துப்பாளையம் அணையை ஒட்டிச் சாயக் கழிவு படிந்த நிலங்கள், இங்கெல்லாம் ஈரம் இருக்கிற வரைக்கும் மண்ணே மின்சாரம் கடத்தும். காய்ந்த மண்ணில் வைத்த பேலன்ஸ் இங்கே உதவாது. தண்ணீர் பாய்ச்சின பாத்தியிலிருந்து காய்ந்த பாத்திக்கு மாறினாலே மறுபடி பேலன்ஸ் செய்யுங்கள். நகை தொலைந்துவிட்டது என்று யாராவது போன் பண்ணினால், நான் முதலில் சொல்வது, அந்தப் பாத்திக்குத் தண்ணீர் கட்டாதீர்கள், ஏர் ஓட்டாதீர்கள் என்பதுதான்.

எரிந்த இடமும் ஏமாற்றும். மண்ணைச் சுட்டால் அதில் இருக்கிற இரும்பு இன்னும் காந்தத் தன்மை ஏறிவிடும். தடாகம் பக்கச் செங்கல் சூளை இருந்த இடம், கரும்புச் சோகை கொளுத்தின காடு, ஆலைக் கொட்டாய் அடுப்பு இருந்த மேடு, கட்டுத்தரையில் தினமும் மூட்டம் போடுகிற மூலை, எல்லாமே சுற்றி இருக்கிற மண்ணைவிட உறைப்பாகக் கேட்கும். ஒரு செங்கல் துண்டே உலோகம் மாதிரி நடிக்கும். அந்தத் திட்டுக்குள் மட்டும் தனியாகப் பேலன்ஸ் செய்து, தனியாக சென்சிட்டிவிட்டி வைத்துத் தேடிவிட்டு, வெளியே வந்ததும் பழையபடி மாற்றிக்கொள்ளுங்கள். தானாகவே பேலன்ஸை மாற்றிக்கொண்டு வருகிற டிராக்கிங் வசதி இருந்தால் நடக்கும்போது அது நல்லது. ஆனால் ஒரு சத்தம் வந்த இடத்தில் நின்று காயிலைத் திரும்பத் திரும்ப ஆட்டும்போது அதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் மெலிந்த சிக்னலை மெஷின் மண் என்று நினைத்து அழித்துவிடும்.

மண்ணா, உலோகமா என்று எப்படிப் பிரிப்பது? நல்ல சிக்னல் ஒரே இடத்தில், ஒரே மாதிரி, போகும்போதும் வரும்போதும் கேட்கும். 90 டிகிரி திரும்பி நின்று குறுக்கே ஓட்டினாலும் அதே இடத்தில் கேட்கும். மண் சத்தம் ஒரு பக்கம் மட்டும் கேட்கும், இடம் மாறும், காயிலைக் கொஞ்சம் தூக்கினாலே காணாமல் போகும். உலோகம் தூக்கத் தூக்கத் தேய்ந்துகொண்டே போகும், சட்டென்று அறாது. திரையில் வருகிற எண்ணை இந்த மண்ணில் நம்பாதீர்கள், இரும்பு மண்ணுக்குள் ஆழத்தில் கிடக்கிற தங்கம் இரும்பு எண்ணையே காட்டும். அதனால் நகை தேடும்போது டிஸ்கிரிமினேஷன் போடவே கூடாது என்பது என் கட்சி. மோதிரமும் மாத்திரை அட்டையும் பாக்குப் பொட்டலத் தாளும் ஒரே எண்ணில் வரும், எல்லாவற்றையும் தோண்டத்தான் வேண்டும்.

நகையிலும் வித்தியாசம் உண்டு. முழு வளையமான மோதிரம், வளையல் நன்றாகக் கேட்கும். மெல்லிய செயின் கேட்காது, எவ்வளவு பவுன் இருந்தாலும் டிடெக்டருக்கு அது தனித்தனிச் சின்னக் கண்ணிகள்தான். தாலிக்கொடி தொலைந்தால் கொடியைத் தேடாதீர்கள், அதில் கோத்திருக்கிற தாலியையும் குண்டையும் காசையும் தேடுங்கள், சோதனைக்குப் புதைக்கிற பொருளும் ஒற்றைக் குண்டு அளவில் இருக்கட்டும். இதற்கு அதிக ஃப்ரீக்வென்சி (காயிலின் புலம் நொடிக்கு எத்தனை தடவை மாறுகிறது என்பது) உதவும். 15 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மெல்லிய தங்கம் தெளிவாகும், 5, 6 கிலோ ஹெர்ட்ஸில் கொலுசு, செம்பு ஒயர் மாதிரி நன்றாக மின்சாரம் கடத்துகிற பெரிய பொருள்கள் நன்றாகக் கேட்கும். ஃப்ரீக்வென்சி ஏற ஏற மண்ணும் சேர்ந்து தொல்லை கொடுக்கும் என்பதால் மாற்றின பிறகு மறுபடி பேலன்ஸ்.

காயில் வாங்க யோசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரிய காயில் ஆழம் போகும் என்று கடைக்காரர் சொல்வது நல்ல மண்ணுக்கு. நம்ம மண்ணில் பெரிய காயில் பெரிய அளவு மண்ணைக் கேட்கும். டிடி வகையில் (உள்ளே ரெண்டு 'D' வடிவச் சுற்று இருக்கிறது) ஒரு சின்னக் காயில், ஒரு சாணுக்குள், இருந்தால் செம்மண்ணுக்கும் குப்பை அதிகமான களத்து மேட்டுக்கும் அதுவே போதும். டிடி காயில் நடுவில் ஒரு பட்டையாக மட்டும் கேட்பதால், வட்டத்துக்குள் வட்டமாகச் சுற்றின காயிலைவிட மண்ணைக் குறைவாக வாங்கும். கேரெட் ஏஸ் 250 மாதிரி கிரவுண்ட் பேலன்ஸைக் கம்பெனியிலேயே பூட்டிவிட்ட மெஷின் வைத்திருப்பவர்களுக்கு இருக்கிற வழி மூன்றுதான்: சென்சிட்டிவிட்டியைக் குறைப்பது, காயிலைத் தூக்கி ஓட்டுவது, சின்னக் காயில் மாட்டுவது. மூன்றையும் சேர்த்துச் செய்தால் அதிலும் நகை கிடைக்கும். புலத்தை விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிற பல்ஸ் இண்டக்‌ஷன் மெஷின்கள் இந்த மண்ணை ஏறக்குறையக் கண்டுகொள்ளாது, ஆனால் இரும்பையும் தங்கத்தையும் பிரிக்கத் தெரியாது, கம்பி வேலி ஓரம் ஓட்டினால் துருப்பிடித்த ஒவ்வொரு முள்ளையும் தோண்ட வேண்டிவரும்.

கொடுமுடி, பவானி கூடுதுறை மாதிரிப் படித்துறையில் ஆடி 18-க்குப் பிறகு மோதிரம் தேட நிறையப் பேர் கூப்பிடுவார்கள். ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர், அது மெஷினைக் கெடுக்காது, கெடுப்பது கறுப்பு மணல் வரிதான். காயில் தண்ணீருக்குத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, தண்ணீருக்குள் காயில் இருக்கும்போதே பேலன்ஸ் செய்யுங்கள்.

மெஷினைக் கொண்டு போகக் கூடாத இடமும் இருக்கிறது. சென்னிமலைக்குப் பக்கத்தில் நொய்யல் கரையில் கொடுமணல், இரும்பு உருக்கின ஊர், கல்மணி செய்த ஊர், இன்றைக்கும் காட்டில் இரும்புச் சிட்டம் கிடக்கிறது. வெள்ளலூரில் ரோமானியக் காசுகளே கிடைத்திருக்கின்றன. அந்த மாதிரி இடங்களில் ஒரு காசைத் தோண்டி எடுத்தால் அது எந்த மண் அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்கிற செய்தி அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது. இது எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம், அதனால் வற்புறுத்தியே சொல்கிறேன். சட்டமும் இருக்கிறது. 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு என்றால் கலெக்டருக்குத் தெரியப்படுத்தியாக வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதி இல்லாமல் தோண்டுவதே குற்றம். சொந்தக் காட்டில் லாடம் பொறுக்கும்போது பழைய காசோ, முதுமக்கள் தாழியின் ஓடோ தென்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டு தாசில்தாரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள்.

தோண்டுவதில் ரெண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். சத்தம் வந்த இடத்தில் நடுவில் கொத்தாதீர்கள், ஒரு சாண் தள்ளிச் சுற்றிவரக் கீறிக் கட்டியாகப் பெயர்த்துப் போட்டு, குழியில் ஒரு தடவை, கட்டியில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். உங்கள் கை மோதிரம், உதவிக்கு வந்தவர் கால் மெட்டி எல்லாம் காயில் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டியை உடைத்து அரிக்கும்போது மண்ணை மட்டும் தனியாகப் பிளாஸ்டிக் தாம்பாளத்தில் போட்டுக் காயிலைக் காட்டினால் சென்சிட்டிவிட்டியைத் தைரியமாக ஏற்றலாம், கொஞ்ச மண் என்பதால் அது கத்தாது. கம்மல் கிடைத்துத் திருகாணி கிடைக்காவிட்டால் குழியை மூடாதீர்கள். அந்த அளவு தங்கத்தைக் காயில் காட்டாமல் போகலாம், எடுத்த மண் அத்தனையையும் மாவுச் சல்லடையில் சலித்துப் பார்த்துவிட்டு அப்புறம் மூடுங்கள்.